வினோதினி பெயர் போட்ட பை

ஒரே ஒரு ஊரிலே ஒரே ஒரு மெஷின் இருந்ததாம். அந்த ஊரிலே மெஷின்காரனைத் தவிர மற்ற எல்லோருக்கும் முகத்திலே மூக்கு மட்டும்தான் இருந்ததாம். கண் கிடையாதாம், காது கிடையாதாம், மூளை கிடையவே கிடையாதாம். கதை என்றால் இப்படித்தானே சார் தொடங்கணும்? எங்கள் தாத்தா ராஜா, ராணி என்று தொடங்குவார். ஆம்பூரில் ராஜாவுக்கு எங்கே போவது? மெஷின்தான் இருந்தது. அதுவும் என்னிடம்தான் இருந்தது.

இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளி உட்காருங்கள் சார். எனக்குக் குரல் பிறந்ததிலிருந்தே இவ்வளவுதான். பஸ் சத்தத்தில் பாதி உங்களுக்கு விழாது. சீட்டுதான் காலியாக இருக்கிறதே. குழந்தையோடு ஒரு அம்மா இங்கேதான் உட்கார்ந்தார்கள். விண்ணமங்கலம் தாண்டுவதற்குள் எழுந்து முன்னால் போய்விட்டார்கள். குழந்தைக்குக் காற்று வேண்டுமாம். ஜன்னல் இங்கே இருக்கிறது, காற்று அங்கே இருக்கிறதாம். அப்புறம் அந்தத் தலைப்பாகைக்காரர், அவர் நின்றுகொண்டே வருகிறார். கேட்டால் முதுகு வலி என்கிறார். முதுகு வலித்தால் உட்காருவார்களா, நிற்பார்களா? அதற்கு மேல் நான் கேட்கவில்லை. ஊர் பேர் தெரியாத ஆளைக் கேட்டு நமக்கு என்ன ஆகப்போகிறது.

நீங்கள் திருப்பத்தூர்தானே? நானும் அங்கேதான். மாமியார் வீடு. இன்றைக்கு என் சம்சாரத்துக்கு வளைகாப்பு. ஆமாம் சார், முதல் குழந்தை. நல்ல நேரம் முடிவதற்குள் போய்ச் சேரணும். போய்ச் சேர்ந்துவிடலாம், வாணியம்பாடி வந்தாச்சே. நான் போய் நிற்கிறதில்தான் எல்லாமே இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் மெஷினைச் சொன்னால்தான் மற்றது விளங்கும்.

என் பெயர் தணிகைமணி. பாலிடெக்னிக் முடித்துவிட்டு ஒரு ஷூ கம்பெனியில் தரம் பார்க்கிற வேலையில் இருந்தேன். வருகிற ஷூவை எடு, பார், வை. அடுத்த ஷூவை எடு, பார், வை. ஒரு நாள் போனில் ஒரு வீடியோ பார்த்தேன். வெள்ளைக்காரன் ஒருத்தன் தோலைக் கொண்டுபோய் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் விரிக்கிறான். மூடியை மூடுகிறான். காபி குடிக்கிறான். உள்ளே ஒரு வெளிச்சப் புள்ளி தன்பாட்டுக்கு ஓடுகிறது. கோப்பை காலியாகிறபோது தோல், பைக்கு வேண்டிய துண்டு துண்டாக வெட்டுப்பட்டுக் கிடக்கிறது. கத்தி இல்லை, சுத்தியல் இல்லை, வியர்வை இல்லை. எனக்கு அந்தக் காபிதான் சார் ரொம்பப் பிடித்தது.

வேலையை விட்டேன். மெஷின் வந்து இறங்கியது. லேசர் மெஷின். வீட்டின் பின்னறையில் வைத்தேன். தெருவே வந்து எட்டிப் பார்த்தது. வினோதினி, அதான் என் சம்சாரம், மெஷினுக்குக் குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டினாள். அன்றைக்கு அந்தக் கற்பூரம் என்னமாய் மணந்தது! இன்னும் ஞாபகம் இருக்கிறது. அதற்கப்புறம் கடைக்காரன்கள் கற்பூரத்திலும் எதையோ கலக்க ஆரம்பித்துவிட்டான்கள்.

நான் கம்ப்யூட்டரில் வரைவேன், மெஷின் வெட்டும், வினோதினி தைப்பாள். அவளும் கம்பெனியில் தைக்கிற பிரிவில் இருந்தவள்தான். கை சுத்தம். ஆனால் வாய் சும்மா இருக்காது. "மாமா, ஓரமெல்லாம் கரியா இருக்குது பாரு. தொட்டா கையில ஒட்டுது. தொடச்சி, ரெண்டு நாளு காத்துல போட்டு வெச்சாதான் நாத்தம் போவும்" என்பாள். நெருப்பு வெட்டினால் ஓரம் கருக்கத்தானே செய்யும்? தோசையே கருகுகிறது. காற்றில் போட்டு வைப்பதற்கு இது என்ன வடகமா?

நாற்றம், நாற்றம், நாற்றம். இந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு என்னைப் படாத பாடு படுத்திவிட்டார்கள் சார். நீங்களே யோசியுங்கள். ஆம்பூர்க்காரன் நாற்றத்தைப் பற்றிப் பேசலாமா? தோல் பதனிடுகிற ஷாப்பு பக்கத்திலேயே பிறந்து, தோல் ஷாப்பு பக்கத்திலேயே சோறு தின்று, வெளியூர் மாப்பிள்ளை வந்து கர்சீப்பை எடுத்தால் "இன்னாத்துக்கு மூக்க மூடற, சளியா?" என்று கேட்கிறவர்கள் நாங்கள். அந்த மூக்குகளுக்கு என் மெஷின் புகை ஆகவில்லையாம். முடி கருகுகிற வாசனையாம்.

முதலில் கிளம்பியது பக்கத்து வீட்டு மும்தாஜ் அக்கா. மெஷினில் புகை போவதற்கு ஒரு பைப் இருக்கிறது. யானைத் தும்பிக்கை மாதிரி இருக்கும். அதை ஜன்னல் வழியாக வெளியே விட்டிருந்தேன். ஜன்னலுக்கு நேர் எதிரே அந்த அக்காவின் சமையற்கட்டு. அது என் தப்பா? சமையற்கட்டை அங்கே கட்டியது யார்? "தம்பி, நோன்பு தொறக்க கஞ்சி காச்சினா, கஞ்சியில மசுரு கருகின வாசன வருதுப்பா. பைப்ப கொஞ்சம் மேல தூக்கி வுடு. புண்ணியமா போவும்" என்றார். மரியாதையாகத்தான் கேட்டார், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அடுத்த நாள் எதிர்வீடு கேட்டது. அதற்கடுத்த நாள் மாடிவீடு. வாடகை வீட்டுக்காரனுக்கெல்லாம் மூக்கு முளைத்துவிட்டது.

நான் சண்டை போடுகிறவன் இல்லை சார். குரலே கிடையாது, என்ன சண்டை போடுவேன்? ஒரே ஒரு காரியம் செய்தேன். பைப்பைக் கழற்றி, ஜன்னலைச் சாத்தி, அதன் வாயை வீட்டுக்குள்ளேயே திருப்பிவிட்டேன். என் மெஷின், என் தோல், என் புகை. என் வீட்டுப் புகை என் வீட்டிலேயே இருக்கட்டும், ஊருக்கு எதற்கு ஓசியில் கொடுக்கணும்? தெரு கப்சிப். எப்படி? வினோதினிதான் இரண்டு நாள் இருமினாள். பழகிவிடும் என்றேன். எனக்குப் பழகிவிட்டதே! ஆரம்பத்தில் மூக்கு கொஞ்சம் எரிந்தது. அப்புறம் எரியவில்லை. அப்புறம் ஒன்றுமே இல்லை. அவ்வளவு சுத்தமாகிவிட்டது வீடு.

அந்தச் சமயத்தில்தான் நாட்டில் கலப்படம் அதிகமானது. நீங்கள் கவனித்திருப்பீர்கள். காபியில் காபியே இல்லை, வெறும் சுடுதண்ணீர். பிரியாணி கேட்கவே வேண்டாம். ஆம்பூரிலேயே பிரியாணியில் ஒன்றும் இல்லை என்றால் உலகம் எங்கே போகிறது? ஒரு தட்டு முழுக்கத் தின்றுவிட்டுக் கடைக்காரரிடமே சொன்னேன், "பாய், மஞ்சத் தண்ணியில சோறு வேக வெச்சி ஏமாத்தறீங்க" என்று. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "உடம்பு செரியில்லையா தம்பி?" என்கிறார். மாட்டிக்கொண்டதும் பேச்சை எப்படி மாற்றுகிறார் பாருங்கள். வினோதினி ஒருநாள் தலை நிறையக் குண்டுமல்லி வைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றாள். "பூக்காரி பிளாஸ்டிக்க குடுத்து ஏமாத்திட்டா, திருப்பிக் குடுத்துட்டு வா" என்றேன். நல்லதுக்குத்தான் சொன்னேன். அதற்குப் போய் அன்றைக்கு முழுக்க என்னோடு பேசவில்லை.

என்ன சார், ஜன்னலை முழுசாகத் திறக்கிறீர்கள்? திறங்கள், திறங்கள். வெயில் ஏறுகிறதல்லவா.

கேளுங்கள், இப்போதுதான் கல்யாணக் கதை. ரைஸ்மில் ஏகாம்பரம் மகளுக்குக் கல்யாணம். வருகிறவர்களுக்குத் தேங்காய், வெற்றிலை பாக்கு போட்டுக் கொடுக்கத் தாம்பூலப் பை வேண்டும். எல்லோரும் துணிப் பையும் கட்டைப் பையும் கொடுக்கிறார்கள். நான் நேரே போய் உட்கார்ந்தேன். "அண்ணே, தோல்ல தர்றேன். ஒவ்வொரு பையிலயும் பொண்ணு மாப்ள பேரு, நெருப்பாலயே எழுதித் தர்றேன். பேரன் பேத்தி எடுத்தாலும் அழியாது" என்றேன். "தோலாப்பா? நல்ல காரியத்துக்கா?" என்று இழுத்தார். "காலம் மாறிப்போச்சுண்ணே" என்றேன். தலையாட்டிவிட்டார். காலம் மாறிப்போச்சு என்று சொன்னால் யாரும் எதிர்த்துப் பேசமாட்டார்கள் சார், சொல்லிப் பாருங்கள்.

ராப்பகலாக ஓடியது மெஷின். வினோதினிக்கு அப்போது நாள் தள்ளிப் போயிருந்தது. தைப்பாள், ஓடிப்போய் வாந்தி எடுப்பாள், வந்து தைப்பாள். மசக்கை. "மசக்க இல்ல மாமா, இந்தப் பொக" என்பாள். அவள் டாக்டரா? பையை எப்படிக் கொடுத்தேன் தெரியுமா? கம்பெனியில் தரம் பார்த்தவன் நான், ஏனோதானோ என்று கொடுப்பேனா? மெஷினிலிருந்து வந்து தைத்து முடித்ததும், சூடு ஆறுவதற்குள், ஒவ்வொன்றையும் பாலிதீன் கவரில் போட்டுக் காற்றுப் புகாமல் ஒட்டிவிட்டேன். தூசு படாது, ஈரம் படாது. பிரித்தால் அன்றைக்குச் செய்தது மாதிரியே இருக்கும்.

மண்டபம் ஏசி மண்டபம். கதவு ஜன்னல் எல்லாம் சாத்தியாச்சு. முகூர்த்தம் நெருங்குகிறது. பெண் வீட்டுப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து எல்லாக் கவரையும் ஒரே நேரத்தில் பிரித்தார்கள்.

அப்புறம் ஒரு நாடகம் நடந்தது பாருங்கள். மாப்பிள்ளையின் பெரியப்பா எழுந்து நிற்கிறார். "இன்னாயா இது? கல்யாண வூட்ல பொணம் எரியற வாசன வருது?" அய்யர் மந்திரத்தை நிறுத்திவிட்டுத் துண்டை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டார். நாதஸ்வரக்காரர் வாத்தியத்தை இறக்கிவிட்டு மூக்கைப் பிடிக்கிறார். வாயால் ஊதுகிறவருக்கு மூக்கு எதற்கு சார்? சமையற்கட்டில் ஏதோ பிடித்துக்கொண்டது என்று சில பேர் குடத்தோடு ஓடுகிறார்கள். கடைசியில் ஏகாம்பரம் என்னிடம் வந்தார். சட்டையைப் பிடிக்கவில்லை. கூடவே இருந்த தம்பி அவரைப் பிடித்துக்கொண்டான். "டேய், நான் தாம்பூலப் பை குடுன்னு சொன்னனா, கொள்ளி வெக்கச் சொன்னனா?" என்றார். பெற்ற மகள் கல்யாணத்தில் வருகிற வார்த்தையா இது? நான் அமைதியாகச் சொன்னேன், "அண்ணே, மண்டபத்துல ஏசிக்குள்ள எலி எதுனா செத்துக் கெடக்கும், பாருங்க." எனக்கு ஒரு வாசனையும் தெரியவில்லையே! இருந்தால் எனக்குத் தெரியாதா? நாள் முழுக்க அதிலேயே கிடக்கிறவன் நான்.

வந்தவர்கள் பையை நாற்காலியில் வைத்துவிட்டுத் தேங்காயை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு போனார்கள் சார். மண்டப வாசலில் ஊர்வலம் மாதிரி, எல்லோர் கையிலும் ஒரு தேங்காய். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை?

சிரிக்கிறீர்களா? இல்லை, இருமுகிறீர்கள். தண்ணீர் வேண்டுமா?

அதற்கப்புறம் ஆர்டர் வரவில்லை. பொறாமை. வினோதினியின் அண்ணன் சற்குணம் வந்தான். திருப்பத்தூரில் மாவு மில் வைத்திருக்கிறான். நல்ல மனுஷன் மாதிரி பேசுவான். "மாப்ள, ஏரிக்கரையில என் ஷெட்டு ஒண்ணு சும்மாதான் கெடக்குது. மெஷின அங்க கொண்டாந்து வெச்சிக்க. சுத்திலும் வயலு, காத்தோட்டம். தங்கச்சி இங்கயே நிம்மதியா இருக்கட்டும். புள்ளத்தாச்சி வூட்ல இது வேணாம்" என்றான். எவ்வளவு தந்திரம் பாருங்கள். மச்சான் ஷெட்டில் மாப்பிள்ளை மெஷின். நாளைக்கு நாலு பேர் என்ன சொல்லுவார்கள்? சற்குணத்தின் லேசர் என்பார்கள். "மச்சான், உன் மாவு வாசனைக்கு நான் எதுனா சொன்னனா?" என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டான்.

அதற்கடுத்த வாரம்தான் அந்தப் பால் விவகாரம்.

விவகாரமே இல்லை சார், விவகாரமாக்கிவிட்டார்கள். சாயங்காலம் வினோதினி அடுப்பில் பாலை வைத்துவிட்டு, "மாமா, பார்த்துக்க, கறிவேப்பல வாங்கினு வந்துடறேன்" என்று தெருமுனைக்குப் போனாள். நான் பின்னறையில் கம்ப்யூட்டரில் ஒரு டிசைன் போட்டுக்கொண்டிருந்தேன். பால் பொங்கிவிட்டது போலிருக்கிறது. பொங்கி, அடுப்பு அணைந்து, கேஸ் கொஞ்சம் வந்திருக்கிறது. எனக்கு எப்படித் தெரியும்? சத்தம் போடவா செய்யும் கேஸ்? நான் டிசைனை முடித்துவிட்டு மெஷினைப் போடலாம் என்று சுவிட்சில் கை வைக்கிறேன். வாசல் கேட்டிலிருந்தே ஒரு அலறல். "மாமா! கைய எடு! சுவிட்ச போடாத! போடாத மாமா!" கறிவேப்பிலை தெருவெல்லாம் கொட்டிக் கிடக்கிறது. ஏழடி எடுத்து வைக்கவே மூச்சு வாங்குகிறவள் ஓடி வருகிறாள். மும்தாஜ் அக்கா முக்காட்டை வாயில் பொத்திக்கொண்டு பாய்ந்து போய் சிலிண்டரை மூடுகிறார். கதவைத் திற, ஜன்னலைத் திற, அல்லா, முருகா என்று ஒரே ரகளை. தெருமுனையிலேயே வாசனை வந்ததாம். தெருமுனைக்கு வந்தது எனக்கு வராதா?

அவள் படியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் நானும் ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பேன். "பால் பொங்கினா நல்ல சகுனம்தான், வுடு" என்றேன். மும்தாஜ் அக்கா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! சொந்த அக்காகூட என்னை அப்படிப் பார்த்தது கிடையாது.

அன்றைக்கு விளக்கு வைத்த பிறகு வினோதினி வந்து எதிரில் உட்கார்ந்தாள். "கண்ண மூடு மாமா" என்றாள். மூடினேன். ரொம்ப நாளைக்கு அப்புறம் ஆசையாகக் கூப்பிடுகிறாள் என்று நினைத்தேன். மூக்குக்கிட்ட எதையோ நீட்டினாள். "இன்னா?" என்றாள். "ஒண்ணுமில்ல, வெறுங்கை" என்றேன். இன்னொரு கையை நீட்டினாள். "இது?" "இதுவும் வெறுங்கைதான். இன்னா வெளையாட்டு?" என்று கண்ணைத் திறந்தேன். ஒரு கையில் கற்பூரம். ஒரு கையில் பெருங்காயக் கட்டி. இரண்டும் ஒரே கடையில் வாங்கியது சார், இரண்டுமே கலப்படம். அதைச் சொல்ல வாயெடுத்தேன். அவள் கற்பூரத்தைச் சாமி மாடத்தில் வைத்துவிட்டு, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அண்ணனுக்குப் போன் போட்டாள். மறுநாள் சற்குணம் வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டான்.

மூன்றாம் மாதம் போனவள் சார். இன்றைக்கு ஏழாம் மாதம்.

இருங்கள், பையைக் காட்டுகிறேன். எழுந்திருக்காதீர்கள், இதோ மடியில்தான் இருக்கிறது. கவரைப் பிரித்துவிடுகிறேன், அப்போதுதான் அழகு தெரியும். காலையில்தான் வெட்டினேன். எப்படி? வினோதினி என்று முழுப் பெயரும் நெருப்பிலேயே எழுதியிருக்கிறேன். கீழே தொட்டில். தொட்டிலுக்குள் குழந்தை. குழந்தைக்கு மூக்கும் முழியுமாக எவ்வளவு நுணுக்கம் பாருங்கள். தைத்தது மட்டும் நான். அவள் கை மாதிரி வராது, ஒத்துக்கொள்கிறேன். நல்லதை நல்லது என்று சொல்லுகிறவன்தான் நான்.

பார்த்தீர்களா, தலைப்பாகைக்காரர் இன்னும் முன்னால் போகிறார். பின் சீட்டுப் பசங்களும். கண்டக்டர் வருகிறான். அவனுக்கு வேறு வேலையில்லை.

"என்ன கண்டக்டரே? கருகுற வாசனையா? என் பையிலிருந்தா? டிக்கெட் வாங்கியாச்சு இல்ல? அப்புறம் இன்னா? ...மேல போட முடியாது. என் பொண்டாட்டிக்கு எடுத்துனு போறேன், கூரை மேல போடறதுக்கு இது கோழிக் கூடையா? ...எறங்கவும் முடியாது. நீ போய் உன் வேலையைப் பாரு."

போய்விட்டான். இதேதான் சார் எல்லா இடத்திலும். இறங்கு, எடு, தள்ளு, திருப்பு.

சரி, வளைகாப்பு விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் வினோதினி போன் செய்தாள். அவளேதான் செய்தாள். "மாமா, வளகாப்புக்கு வா. சீரு, பொடவ எதுவும் வேணாம். எங்கூட்டு வாசப்படியில நின்னு, உள்ள இன்னா சமைக்கிறாங்கன்னு மோந்து பார்த்து சொல்லு. சரியா சொல்லிட்டன்னா, புள்ளயப் பெத்து எடுத்துனு நானே நேரா உன் வூட்டுக்கு வந்துடறேன். அண்ணன் தடுத்தாலும் வந்துடுவேன்" என்றாள். நான், "சொல்லலன்னா?" என்றேன், சும்மா வேடிக்கைக்கு. அப்புறம், "சொல்ல முடியலன்னா, முடியலன்னு சொல்லு மாமா. அது போதும். டாக்டர்ட்ட போலாம். மெஷின ஷெட்ல வெச்சிக்கலாம். தெரியலன்னு ஒரு வார்த்த நீ சொன்னாலும் நான் வந்துடுவேன். வாசன தெரியுதுன்னு நீ பொய் சொல்ற வூட்லதான் என்னால புள்ளய வெச்சினு தூங்க முடியாது" என்றாள்.

பாருங்கள் சார், எப்படிப் பேசக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். எனக்குத் தெரியவில்லை என்று நான் என் வாயால் சொல்லணுமாம். சற்குணம் எதிரில். மாவு மில்காரன் எதிரில்.

தெரியாமல் என்ன? எனக்கா தெரியாது? ஆனால் பாருங்கள், மாசி மாதப் பனி. திடீரென்று சளி பிடித்துவிட்டால்? மூக்கு அடைத்துக்கொண்டால்? ஒரு முன்யோசனைக்காகச் வளைகாப்புச் சமையல்காரரைப் போனில் பிடித்துக் கேட்டு வைத்துக்கொண்டேன். எலுமிச்சை சாதம், புளி சாதம், தேங்காய் சாதம், தயிர் சாதம், சர்க்கரைப் பொங்கல். மனப்பாடம். வாசற்படியில் நின்று, கண்ணை மூடி, மூச்சை இழுத்து, ஒவ்வொன்றாகச் சொல்லுவேன். சர்க்கரைப் பொங்கலுக்கு மட்டும் கொஞ்சம் யோசிக்கிற மாதிரி நிறுத்துவேன். அப்போதுதான் நம்புவார்கள். பொய் எங்கே வந்தது இதில்? உள்ளே இருப்பதைத்தானே சொல்லப் போகிறேன்?

ஏன் சார் அப்படிப் பார்க்கிறீர்கள்?

வண்டி நிற்கிறதே. பொன்னேரி கூட்ரோடா இது? ஆமாம், ஏலகிரிக்குப் பிரிகிற ரோடு. இங்கே எதற்கு நிறுத்துகிறான்? டிரைவர் குதித்து ஓடுகிறான் பாருங்கள். எல்லோரும் எழுந்திருக்கிறார்கள். குழந்தைக்கார அம்மா முண்டியடித்துக்கொண்டு இறங்குகிறார்கள். காற்று போதவில்லை போலிருக்கிறது, ஹா!

"என்ன கண்டக்டரே, மறுபடியுமா? ...இன்ஜின்ல ஒயரு கருகுதா? ஓஹோ. அப்போ இவ்வளவு நேரம் என் பைனு சொன்னியே? ...என் பை நாத்தத்துல இது தெரியாம போச்சா? நல்லா இருக்குதுய்யா கதை. கூரை மேல போடச் சொன்ன, போடல. எறங்கச் சொன்ன, எறங்கல. இப்போ வண்டியே எரியுதுன்னு சொல்றியா? மூணாம் மாசத்துலருந்து இதைத்தான்யா கேட்டுனு இருக்கேன். போ, போ."

பார்த்தீர்களா சார் இவன் சாமர்த்தியத்தை? என் ஒருத்தனை இறக்குவதற்காக மொத்த வண்டியையும் இறக்குகிறான். இறங்குகிறவர்களைப் பாருங்கள், எல்லோரும் என்னைத்தான் முறைத்துக்கொண்டு போகிறார்கள். அந்தத் தலைப்பாகைக்காரருக்கு இப்போது முதுகு வலிக்கவில்லை போலிருக்கிறது, எப்படிக் குதிக்கிறார்! டிரைவர் பானெட்டைத் திறந்து தண்ணீர் ஊற்றுகிறான், பேட்டரி ஒயரைப் பிடுங்குகிறான். நடிப்பு என்றால் இதுதான் நடிப்பு.

பின்னால் ஒரு வண்டி வந்து நிற்கிறது. திருப்பத்தூர் வண்டிதான். ஏறுகிறார்கள். எல்லோரும் ஏறுகிறார்கள். ஏறட்டும். அதில் உட்கார இடம் கிடைக்காது. இங்கே பாருங்கள், வண்டியே நமக்குத்தான்.

நீங்களுமா சார்? உட்காருங்கள். கையை விடுங்கள், இழுக்காதீர்கள். பெரிய மனுஷன் என்று நினைத்துத்தானே இவ்வளவு நேரம் மனசு விட்டுப் பேசிக்கொண்டு வந்தேன். ...புகையா? எங்கே புகை? முன்னால் வெள்ளையாகத் தெரிகிறதே, அதைச் சொல்கிறீர்களா? அது பனி சார். ஏலகிரிப் பனி. மலையிலிருந்து இறங்கும். ...வெயில் அடித்தால் என்ன? மலைக்கு வெயில் ஏது, மழை ஏது? எனக்குக் கண்ணில் தண்ணீர் வருகிறதா? பனி பட்டால் வரும். தொண்டை கமறுகிறதா? பனிதான்.

சரி, போங்கள். அந்த வண்டி கிளம்பப் போகிறது, ஹாரன் அடிக்கிறான். படியில் நின்று திரும்பித் திரும்பிப் பார்க்காதீர்கள், விழுந்துவிடுவீர்கள்.

சார், ஒரு நிமிஷம். ஏரிக்கரைத் தெரு வழியாகத்தானே போவீர்கள்? வாசலில் பந்தல் போட்டிருக்கும், மாவிலை கட்டியிருக்கும். வினோதினி என்று கேளுங்கள். மாப்பிள்ளை வந்துகொண்டே இருக்கிறார், வளையல் போடுவதை மட்டும் கொஞ்சம் நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள். எலுமிச்சை, புளி, தேங்காய், தயிர்... இல்லை, அதை நீங்கள் சொல்லவேண்டாம். அதை நான் வந்து சொல்கிறேன். வண்டி ஏன் நின்றது என்று கேட்பாள். பனி என்று சொல்லுங்கள். சற்குணம் கேட்டாலும் பனி என்றே சொல்லுங்கள்.

காதில் விழுந்ததா சார்? கொஞ்சம் நில்லுங்கள், என்னால் இதற்கு மேல் சத்தமாகச் சொல்ல முடியாது. பனி, சார். பனி.